குலுக்காமல் ஊற்றிய வெள்ளை மருந்து

போன மாதம் என் தங்கை மகளின் கணவர் மலேசியாவிலிருந்து வந்திருந்தார். நல்ல பிள்ளை. என் முழங்கால் வலியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். பிரித்தால் மருதாணிப் பொடி மாதிரிப் பச்சைத் தூள். ‘அரைக் கரண்டி சுடுதண்ணியில கலக்கிக் குடிங்க மாமா. மாத்திரை கீத்திரை ஒண்ணுமில்ல, வெறும் இலைதான்’ என்றார். அங்கே அதைக் கெத்தும் என்பார்களாம். இங்கிலீஷில் கிராடம்.

வெறும் இலை என்றால் பயப்பட வேண்டாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பிறந்தது, வளர்ந்தது, உத்தியோகம் பார்த்தது எல்லாம் தேயிலை விளையும் இலங்கை மலையில். இலை மனிதரை என்னென்ன செய்யும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் ஹட்டனுக்குப் போய் மருந்துக்கடை வைத்திருக்கும் சுமதியிடம் கேட்டேன். அவள் என்னிடம் ஆறு மாதம் மருந்து கலக்கப் பழகியவள், இப்போது என்னைவிட அதிகம் படித்தவள்.

சுமதி சொன்னது இது. அது காப்பிச் செடியின் சாதியைச் சேர்ந்த ஒரு மரம். அந்தப் பக்கத்தில் வெயிலில் உழைக்கிறவர்கள் நெடுங்காலமாக அதன் இலையை மென்று வருகிறார்கள். கொஞ்சமாகப் போட்டால் சுறுசுறுப்பு, கூடினால் மயக்கம். அபின் போய் ஒட்டுகிற இடத்தில்தான் இதுவும் போய் ஒட்டும். நாள்பட்டால் மலம் இறுகும், பசி போகும், உடம்பு வற்றும், சிலருக்குக் கல்லீரல் கெடும். நிறுத்தினால் மூக்கு ஒழுகும், எலும்பு குடையும், தூக்கம் வராது, கண்டவர்மேல் எல்லாம் எரிந்து விழுவார்கள். கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வரும் இளந்தாரிகள் போனில் படத்தைக் காட்டி இது இருக்கிறதா என்று கேட்கிறார்களாம்.

கடைசியாகச் சொன்ன பிள்ளை விஷயத்தைக் கேட்டதும் நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன சேர் என்று சுமதி கேட்டாள். சொன்னேன். அந்தக் கதையை எழுதித் தாருங்கள், நான் வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன் என்றாள். நான் கிராடத்தைக் கண்டவன் அல்ல. நான் கண்டது வேறு மருந்து. அதை என் கையாலேயே ஊற்றினேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் நோர்வூட் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசைவீட்டில் பிறந்தவன். மாதா கோயில் சாமியாரின் தயவில் படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகி, பரீட்சையில் ஒருமுறை விழுந்து மறுமுறை எழுந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு உதவி டிஸ்பென்சராகப் போனேன். லயத்துப் பிள்ளை காற்சட்டையும் சப்பாத்துமாக உத்தியோகத்துக்குப் போனது எங்கள் வீட்டில் பெரிய சங்கதி. அதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து மருந்து வீட்டில் எனக்கு மேலே இருந்தவர் சிவப்பிரகாசம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். தொழிலாளர்கள் எங்கள் இருவரையுமே டாக்டர் என்பார்கள். அவர் பெரிய டாக்டரய்யா, நான் சின்ன டாக்டரய்யா. உண்மையான டாக்டர் டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து எங்கள் புத்தகங்களில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்.

சிவப்பிரகாசம் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலை ஐந்தரைக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியுமாக வந்து நிற்பார். நோயாளிகள் முன்னால் என்னைத் திருத்தவே மாட்டார். நான் பிழையாக எதையாவது எடுத்தால், பேசாமல் அந்தப் போத்தலை என் கையிலிருந்து வாங்கிச் சரியானதை வைப்பார். எல்லாரும் போன பிறகு, ‘தம்பி, காலமை ஏழாவது ஆளுக்கு என்ன குடுத்தனீர்?’ என்று கேட்பார். எத்தனையாவது ஆள் என்பது எனக்கே மறந்திருக்கும். அவருக்கு மறக்காது.

அந்தக் காலத்தில் மருந்து வாங்க வருகிறவர்கள் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தல், வினாகிரிப் போத்தல், எது கிடைத்ததோ அது. நாங்கள் அதைக் கழுவி மருந்தை ஊற்றி, நீளமாக ஒரு காகிதத் துண்டை வெட்டி, அதன் ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக நறுக்கிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களும் அந்தப் பல்லைப் பார்த்துக் குடிப்பார்கள். நான் அழகாக நறுக்குவேன்.

மழைக்காலம் வந்தால் வயிற்றுப்போக்கு வரும். அதற்கு நாங்கள் கொடுத்தது வெள்ளை மருந்து. வெள்ளைக் களிமண் தூள், சோடா, அபினிலிருந்து எடுத்த மோர்பின் சேர்ந்த ஒரு கரைசல், தண்ணீர். பெரிய போத்தல் ஒன்றில் மூன்று நாளைக்கு ஒருமுறை கலக்கி வைப்போம். கொஞ்ச நேரம் விட்டால் களிமண் அடியில் போய்ப் படிந்துவிடும். மேலே மங்கலான தண்ணீர் நிற்கும். மோர்பின் களிமண்ணோடு கீழே போகாது. அந்தத் தண்ணீரில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஊற்றுமுன் பெரிய போத்தலை இருபது தரம் குலுக்க வேண்டும். ஐயா வாய்க்குள் எண்ணிக்கொண்டே குலுக்குவார். இருபது என்றால் இருபதுதான், பதினெட்டில் நிறுத்திப் பார்த்ததில்லை.

நான் போய் இரண்டு வருடம் கழித்து ஐயா மகளின் கல்யாணத்துக்காக ஒரு மாத லீவில் ஊருக்குப் போனார். மருந்து வீடு என் பொறுப்பில் வந்தது. நல்ல மழை. விடியும் முன்பே முப்பது நாற்பது பேர் வந்து நிற்பார்கள். வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்குமுன் மருந்தை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. ஐயா, சீக்கிரம், ஐயா, சீக்கிரம் என்று வாசலில் தவிப்பார்கள். அந்தப் பெரிய போத்தலோ நிறைந்தால் ஒரு கைப்பிள்ளையின் கனம். நாற்பது பேருக்கு இருபது இருபது தரம் குலுக்க என் மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. முதல் நாள் பத்துத் தரம் குலுக்கினேன். மூன்றாம் நாள் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஆட்டினேன். ஒரு வாரத்தில் அதையும் விட்டு, அப்படியே சாய்த்து ஊற்றத் தொடங்கினேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு நல்ல பெயர் வந்தது. சின்னய்யா கைராசிக்காரர், அவர் ஊற்றினால் ஒரே வேளையில் போக்கு நிற்கிறது, கூடவே தோள்வலி, இடுப்புவலி எல்லாம் பறந்துவிடுகிறது என்று லயத்துக்கு லயம் பேசிக்கொண்டார்கள். கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. வரிசையில் முதலில் நிற்கப் பெண்கள் முண்டியடித்தார்கள். என் மருந்தில் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தேன். முதலில் வந்தவர்களுக்கு மேல் தண்ணீர் போனது, கடைசியில் வந்தவர்களுக்குச் சேறு போனது. கடைசி ஆட்கள் மருந்தில் வேகமில்லை என்றால், நேரத்தோடு வரச்சொல்லிக் கண்டித்து அனுப்பினேன்.

ஐயா திரும்பி வந்து நாலு நாள் தாமே ஊற்றினார், இருபது தரம் குலுக்கி. அந்த நாலு நாளில் ஆளுக்காள் தும்மல், மூக்கொழுகல், கொட்டாவி. பெரட்டில் மலை முழுவதும் வாயைப் பிளந்து நிற்கிறது என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து முறையிட்டார். பருவ மாற்றச் சளி என்று நான் எழுதினேன். ஜனங்கள் சின்னய்யா கையால் வேண்டும் என்று கேட்டார்கள். ஐயா சிரித்தார். ‘உம்மடை கைக்கு ராசி எண்டு சனம் சொல்லுது. நீரே ஊத்தும்’ என்று போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் நோயாளிகள் படுக்கும் வாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஊற்றினேன். இரண்டு நாளில் தோட்டத்துச் சளி குணமாகிவிட்டது. என் பெருமையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

புத்தி உள்ளவனுக்கு அப்போதே விளங்கியிருக்கும். மழை விட்ட பிறகும் வெள்ளை மருந்து கேட்டு வந்தார்கள். திரும்பி வந்த போத்தல்களில் அடியில் விரற்கடை உயரம் வெள்ளைச் சேறு கெட்டியாகக் கிடந்தது. மருந்தைக் குலுக்கிக் குடிக்கத் தெரியாதா என்று அவர்களைத்தான் திட்டினேன். கிழமை நாளில் வயிற்றுப்போக்கு என்று வந்தவர்களே ஞாயிற்றுக்கிழமை மலம் இறங்கவில்லை என்று பேதியுப்புக் கேட்டு வந்தார்கள். வாரம் முழுவதும் அடைத்து ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டேன். இதில் ஏதோ கோணல் இருக்கிறதே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

வரிசையில் தினமும் முதலாக நிற்பவர் பாக்கியம். முப்பது வயதிருக்கும். அந்த மலையிலேயே அதிகம் கொழுந்து எடுப்பவர் என்று கங்காணி சொல்வார். மாவும் அரிசியும் அகப்படாத வருடங்கள் அவை. பாக்கியம் ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகளுக்கும் புருஷன் முனியாண்டிக்கும் கொடுத்துவிட்டு வெறுந்தேத்தண்ணியோடு மலைக்குப் போவார் என்பது பிறகு தெரிந்தது. அவருக்கு அப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில். தன் போத்தலோடு மாமியார் போத்தலையும் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் போத்தலையும் கொண்டுவருவார். அடுத்தவர்களுக்கும் சேர்த்து அலைகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்து, அவர் போத்தல்களுக்குப் பற்களை இன்னும் அழகாக நறுக்கி ஒட்டினேன்.

பிள்ளை எங்கள் வாட்டில்தான் பிறந்தது. ஆண் பிள்ளை, எடை குறைவு, ஆனால் பிறந்ததும் நன்றாக அழுதது. எலிசபெத் என்ற நர்ஸம்மா பிரசவம் பார்த்தார். இரண்டாம் நாள் பகல் அவர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளை வீல் வீல் என்று மெல்லிய கிறீச்சுக் குரலில் ஓயாமல் கத்தியது. கையும் தாடையும் நடுங்கின. தன் கையை வெறிகொண்டு சூப்பியது. மார்பில் வைத்தால் பிடிக்கத் தெரியாமல் நழுவியது. தண்ணீராக வெளிக்குப் போனது. எனக்கு வந்த முதல் நினைப்பு சன்னி. பிறந்த பிள்ளைக்குச் சன்னி வந்தால் அன்றைக்கு எங்கள் கையில் ஒன்றுமில்லை. பாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் உடம்பும் வியர்த்து நடுங்கியது. அது பால்காய்ச்சல் என்று நான் சொன்னேன்.

ஐயா வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் பிள்ளையைத் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை தும்மியபோதெல்லாம் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். கொட்டாவி விட்டபோது வேறொரு கோடு. கடைசியில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னை மருந்தறைக்குக் கூட்டிப்போனார். அலமாரியில் பாக்கியத்தின் போத்தல்கள் நிரப்புவதற்காக நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்த்தார்.

‘தம்பி, பெரிய போத்தலைக் குலுக்கித்தானே ஊத்தினீர்?’

‘ஆமா சேர்’ என்றேன்.

வேறொன்றும் கேட்காமல் அவர் ஆபீசுக்குப் போய் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. லொறியும் போகாது, டாக்டரும் வர முடியாது. டாக்டர் போனில் எல்லாவற்றையும் கேட்டார். ஐயா திரும்பி வந்து எனக்கும் நர்ஸம்மாவுக்கும் சொன்னார்: இது தாயிடமிருந்து வந்த அபின் பழக்கமாக இருந்தால், அதே மருந்தைத் தண்ணீரில் பலமடங்கு கரைத்துத் துளித்துளியாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துப் பிள்ளையை மீட்டுவிடலாம். பழக்கம் இல்லாமல் வேறு நோயாக இருந்தால் அந்தத் துளியே பிள்ளையின் மூச்சை நிறுத்திவிடும். ஆகையால் தாய் என்ன குடித்தாள், எவ்வளவு, எத்தனை மாதம் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரியாமல் ஒரு துளியும் கொடுக்கக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

ஐயா பாக்கியத்திடம் கேட்டார். ஒன்றும் குடிக்கவில்லை என்றார் பாக்கியம். நர்ஸம்மா கேட்டார். வயிற்றுப்போக்குக்கு எப்போதாவது ஒரு வேளை, அவ்வளவுதான் என்றார். முனியாண்டி வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதுவுமே தெரியாது. ஊரார் போத்தலில் மருந்து வாங்கியது வெளியே வந்தால் பேர் வெட்டி வேலையை நிறுத்திக் காம்பராவையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பாக்கியம் பயந்தார். அதைவிடப் பெரிய பயம், தன் பிள்ளைக்குத் தானே இதைச் செய்தோம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது. பிள்ளையின் கிறீச்சுக் குரல் அந்த நேரத்துக்குள் களைத்து, விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கியது.

நான் வராந்தாவில் நின்றேன். ஐயா ஏன் போத்தலின் அடியைப் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது: களிமண் கீழே, அபின் மேல் தண்ணீரில். உண்மையைச் சொன்னால் வேலை போகும். என் அம்மாவின் முகம், சாமியாரின் முகம், லயத்தில் என்னைக் காட்டிப் பேசுகிறவர்களின் முகம் எல்லாம் வந்தன. மாதாவே, அவளாகச் சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான வேண்டுதல் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். உள்ளே பிள்ளையின் குரல் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. நான் போய்ப் பாக்கியத்தின் கட்டில் பக்கத்தில் தரையில் குந்தினேன். அதுவரை அவரை வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். காற்சட்டை போட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

‘அக்கா’ என்றேன். ‘தப்பு ஒங்களோடது இல்ல. அந்தப் பெரிய போத்தல ஒவ்வொருத்தருக்கும் குலுக்கிட்டு ஊத்தணும். நான் குலுக்கல. மேல நிக்கிற தண்ணியிலதான் அபின் இருக்கு. அதத்தான் ஒங்களுக்கு மொதல்ல ஊத்துனேன், இத்தன மாசமா. ஒங்களுக்கும் பிள்ளைக்கும் இத செஞ்சவன் நான். எவ்வளவு குடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, பிள்ளையக் காப்பாத்திரலாம்.’

ஐயா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். மேல் தண்ணீருக்குத்தான் வேகம் என்பதைப் பெண்கள் மாதக்கணக்குக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். மேத்தண்ணி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். வீட்டில் போத்தலை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, பெரட்டுக்குப் போகுமுன் குடிப்பார்கள். அதைக் குடித்தால் தோள் வலிக்காது, பசி தெரியாது, மழைக் குளிர் உறைக்காது, கூடை நிறையும். முதலில் ஒரு பல் குடித்தார். பிறகு இரண்டு. ஒரு நாள் குடிக்காமல் இருந்தபோது மூக்கு ஒழுகி, காலெல்லாம் குடைந்து, மலையில் நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து விட முடியவில்லை. இப்போது காலையில் மூன்று பல், அந்தியில் இரண்டு பல். வயிற்றில் பிள்ளை வந்தது தெரிந்த மாதத்திலிருந்தே.

‘மருந்துதானேன்னு நெனச்சேங்க’ என்றார். ‘சாராயமா குடிச்சேன்? ஆஸ்பத்திரி மருந்துதானேங்க.’

நான் அழகாக நறுக்கி ஒட்டிய பல்லே கணக்குச் சொன்னது. ஐயா அதை அவுன்ஸ் கிளாசில் அளந்து எழுதிக்கொண்டு மறுபடியும் ஆபீசுக்கு ஓடினார். கழுத்துப் பட்டியோடு அந்த மனிதர் மழையில் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன அளவில் ஐயா தம் கையால் கரைத்தார். கரைத்ததை மறுபடி கரைத்தார். ஒவ்வொரு முறையும் என்னைச் சரிபார்க்கச் சொன்னார். நர்ஸம்மா பாக்கியத்தின் பாலைப் பீச்சிச் சங்கில் எடுத்தார். ஜன்னலுக்குச் சாக்குத் திரை போட்டு இருட்டாக்கி, பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, கரைத்த மருந்தில் ஒரு துளியை நாக்கில் விட்டோம். பிறகு மூச்சை எண்ணினோம். ஐயா எண்ணினார், நான் எண்ணினேன், இருவரும் ஒரே எண்ணிக்கையைச் சொன்ன பிறகுதான் எழுதினோம். மாலைக்குள் தாடை நடுக்கம் தணிந்தது. சங்கிலிருந்த பாலில் பாதியைக் குடித்தது. நர்ஸம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பாக்கியம் தம்மையறியாமல் தூங்கிவிட்டார். நான் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றே ஐயா புத்தகத்தில் எழுதினார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். மருந்து குலுக்கப்படாமல் கொடுக்கப்பட்டதை எழுதியிருந்தார். அதற்குப் பொறுப்பு என்ற இடத்தில் முதலில் தம் பெயர், அதற்குக் கீழே என் பெயர். ஏன் சேர் என்று கேட்டேன்.

‘குலுக்கவேணும் எண்டு உமக்குச் சொல்லித் தந்தனான். ஏன் குலுக்கவேணும் எண்டு சொல்லித் தரேல்லை. போத்தலின்ரை அடியைப் பாக்காமல் உம்மடை கைராசியைக் கேட்டுச் சிரிச்சனான். அது என்ரை பிழை’ என்றார். பிறகு, ‘நீர் எனக்குச் சொன்ன பொய்யை நான் எழுதேல்லை. அதை நீரே அழிச்சுப்போட்டீர்’ என்றார்.

ரோட்டைத் திறந்ததும் டாக்டர் வந்து பார்த்தார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. பாக்கியத்தின் பேரையும் யாரும் வெட்டவில்லை. லயத்தில் எத்தனை பேர் மேத்தண்ணி குடித்தார்கள் என்ற கணக்கை ஐயா தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொடுக்க மறுத்துவிட்டார். நோயாளிகள் கணக்கு டாக்டருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். ஆனால் வெள்ளை மருந்தை ஒரேயடியாக நிறுத்தவும் விடவில்லை. பழகிய உடம்பிலிருந்து சட்டென்று பிடுங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த நாலு நாள் ‘சளி’யில் பார்த்தோமே. போத்தலை வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வந்து எங்கள் முன்னால் குடிக்க வைத்து, வாரத்துக்கு வாரம் குறைத்தோம். வைதவர்கள் வைதார்கள். என் கைராசி போய்விட்டது என்று பேச்சு வந்தது. இரண்டு பேர் டவுனில் வேறெங்கோ வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருவரை நாங்கள் மீட்கவே முடியவில்லை.

பிள்ளைக்கு மூன்று வாரத்தில் துளி நின்றது. பாக்கியத்துக்கு அதிகக் காலம் எடுத்தது. தினமும் காலையில், வரிசையெல்லாம் போன பிறகு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக வருவார். மருந்தை ஊற்றுமுன் மூன்று கேள்வி கேட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது ஐயாவின் சட்டம். தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, வலி எப்படி. சாப்பிடவில்லை என்றால் நர்ஸம்மா ஒரு கோப்பை பால்மா கரைத்துக் கொடுப்பார். பாக்கியம் பதில் சொல்லி, மருந்தைக் குடித்து, கிளாசைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போவார்.

ஏழாவது வாரத்தில் அளவு ஒன்றுமில்லாமல் வந்துவிட்டது. அளவை அவரிடம் சொல்லாதே, மனம் அலைபாயும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கொஞ்சம் இனிப்புச் சேர்த்த தண்ணீரைக் கொடுத்துவந்தேன். மறைப்பது எனக்கு முள்ளாகக் குத்தியது. ஐந்தாம் நாள் மனம் கேட்கவில்லை. அக்கா, ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன்.

‘வெறும் தண்ணிதானுங்களே’ என்றார் பாக்கியம். ‘நாலு நாளா அதான் குடுக்குறீங்க.’

தெரிந்துமா இந்த மழையில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

‘பெரட்டுல பேரக் கேப்பாங்க. கொழுந்து நிறுக்குற மடுவத்துல எத்தன றாத்தல்னு கேப்பாங்க. தூங்குனியா, சாப்பிட்டியா, ஒனக்கு எங்க வலிக்குதுன்னு என்னய யாருங்க கேட்டா? இங்கதான் கேக்குறீங்க. அதுக்குத்தான் வந்தேன்.’

நான் கிளாசைக் கீழே வைத்தேன். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

‘வலிக்கத்தாங்க செய்யுது’ என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.